விடுபட்ட வரி: இனத்தைப் பற்றிய நகைச்சுவை எங்கே தப்பெண்ணமாகிறது?

சென்ற தை மாதத்தில் மன்னார்குடிக்கு அருகே உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். மெல்லிசைக் கச்சேரிக்கு நடுவே ஸ்டாண்ட்-அப் காமெடி செய்யும் இளைஞர் ஒருவரை மேடையேற்றும் வழக்கம் இப்போது டெல்டா மாவட்டத்து மண்டபங்களுக்கும் வந்துவிட்டது. அந்த இளைஞர் கெட்டிக்காரர். சம்பந்தி வீட்டாரின் கோபத்தையும், பந்தியில் சாப்பிடுபவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காகக் காவல் நிற்பவர்களையும் வைத்துப் பத்து நிமிடம் எல்லோரையும் சிரிக்கவைத்தார். அதன் பிறகு ‘வடக்கன்’ என்று தொடங்கினார். பான் மசாலா, துவைக்காத சட்டை, ஓர் அறையில் பதினைந்து பேர், டிக்கெட் எடுக்காத ரயில் பயணம் என்று ஐந்து நிமிடம் ஓடியது. மண்டபம் முன்பைவிட உரக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். சமையல் காண்ட்ராக்டர் அழைத்து வந்திருந்த பிகார்ப் பையன்கள் இருவர், தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள், பேச்சு சரியாகப் புரியாவிட்டாலும் எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தாங்களும் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. முதல் பத்து நிமிடத்துக்கும் அடுத்த ஐந்து நிமிடத்துக்கும் இடையே என்ன வேறுபாடு என்பதை, இந்தப் பொருளைப் பற்றி முன்பு யோசித்திராதவர்களுக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

ஸ்டாண்ட்-அப் என்பது ஒருவர், ஒரு மைக், எதிரே பார்வையாளர்கள் என்ற அளவிலேயே முடிந்துவிடுகிற கலை. கதை மாந்தர் இல்லை, ஒப்பனை இல்லை, காட்சியமைப்பு இல்லை. மேடையில் நிற்பவர் முதலில் ஒரு சூழ்நிலையைச் சொல்லி நம்மை ஒரு திசையில் நடக்கவிடுகிறார். பிறகு எதிர்பாராத ஒரு வரியால் திருப்புகிறார். அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே அவர் சொல்லாமல் விட்ட ஒரு வரி எப்போதும் இருக்கிறது. அதைப் பார்வையாளர் தம் மனத்திலிருந்து எடுத்துப் போட்டால்தான் சிரிப்பு பிறக்கும். எங்கள் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று: “வாய்க்காலில் தண்ணீர் கிடக்கிறது என்றார்கள், ஓடிப்போய்ப் பார்த்தேன், யாரோ குடித்துவிட்டுப் போட்ட பாட்டிலில் கால்வாசி இருந்தது.” நாகப்பட்டினத்துக் கடைமடை விவசாயி இதற்குச் சிரிப்பார், ஊட்டிக்காரர் விழிப்பார். ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தாலும் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், சில ஆண்டுகளில் சேராமலேயே போகும் என்பதுதான் இங்கே விடுபட்ட வரி. அது பட்டறிந்த உண்மை, யாரையும் இழிவுபடுத்தாத உண்மை.

இனத்தைப் பற்றிய நகைச்சுவையையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. ‘இனத்தைப் பற்றிப் பேசினாரா?’ என்ற கேள்வி நம்மை எங்கும் கொண்டுபோகாது. பேசலாம், பேசவும் வேண்டும். ‘அவர் நல்ல எண்ணத்தோடு சொன்னாரா?’ என்ற கேள்வியும் அதிகம் உதவாது, ஏனென்றால் அவர் மனத்துக்குள் நாம் போய்ப் பார்க்க முடியாது. இந்த வரிக்குச் சிரிக்க வேண்டுமானால் நான் முதலில் எதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், பதில் பெரும்பாலும் கையில் கிடைத்துவிடுகிறது.

இப்போது டெல்டாவில் நாற்று நடுவதற்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இதை வைத்து இரண்டு நகைச்சுவைகளை நானே கட்டிப் பார்க்கிறேன். முதலாவது: “எங்கள் வயலில் வடக்கன் நட்டுவிட்டுப் போனான், அறுவடையில் நெல் வரவில்லை, பான்பராக் வந்தது.” இரண்டாவது: “எங்கள் பெரியப்பா டீக்கடையில் உட்கார்ந்து, ‘ஒரே ரூமில் பதினைந்து வடக்கன், இதெல்லாம் ஒரு பிழைப்பா’ என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது சிங்கப்பூரிலிருந்து மகன் வீடியோ காலில் வந்தான். பெரியப்பா கேட்டார்: ‘பின்னால் படுத்திருக்கிற பதினான்கு பேரும் யாருப்பா?’” இரண்டிலும் வடக்கன் என்ற சொல் இருக்கிறது, இரண்டிலும் நெருக்கியடித்த வாழ்க்கை அல்லது துப்பிய வாய் இருக்கிறது. முதலாவதற்குச் சிரிக்க வேண்டுமானால், ‘அவர்கள் அழுக்கானவர்கள்’ என்ற வரியை நான் என் மனத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவதற்குச் சிரிக்க வேண்டுமானால், பிழைப்புக்காக ஊர்விட்டுப் போகிறவர்கள் எங்கே போனாலும் இப்படித்தான் தங்கவைக்கப்படுகிறார்கள் என்பதும், நம் வீட்டுப் பிள்ளைக்கு நடப்பது நம் கண்ணில் படுவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முன்னது தப்பெண்ணத்தைச் செலவழித்துச் சிரிப்பை வாங்குகிறது. பின்னது பெரியப்பாவின் தப்பெண்ணத்தையே சிரிப்புக்குப் பொருளாக்குகிறது.

தப்பெண்ணம் என்ற சொல்லைச் சற்றுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் இதைப் பற்றி எழுதியபோது, தவறானதும் வளைந்துகொடுக்காததுமான பொதுமைப்படுத்தலில் ஊன்றிய வெறுப்பு என்று விளக்கினார். ‘வளைந்துகொடுக்காத’ என்பதுதான் இங்கே முக்கியம். பிகாரிலிருந்து வந்த ஒருவர் பேருந்து நிலையத்தில் துப்பினார் என்பது செய்தி. பிகார்க்காரர்கள் துப்புவார்கள் என்பது பொதுமைப்படுத்தல். துப்பாத நூறு பேரைக் காட்டினாலும் மாறாவிட்டால் அது தப்பெண்ணம். ஆகவே அவர்களுக்கு வாடகைக்கு வீடு தரமாட்டேன் என்பது பாகுபாடு. நகைச்சுவை பொதுமைப்படுத்தலை நம்பியே பிழைக்கிற தொழில், அதை மறுக்க முடியாது. ‘மாப்பிள்ளை வீட்டார் இப்படித்தான்’ என்பதுகூடப் பொதுமைப்படுத்தல்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டாராக இருப்பதால் யாருக்கும் வீடு கிடைக்காமல் போவதில்லை.

இன்னொரு சொல்லும் நம்மைக் குழப்புகிறது. தமிழில் ‘இனம்’ என்பது தோல் நிறத்தையும் மரபையும் குறிக்கும். மொழியால் ஒன்றுபட்ட மக்களையும் குறிக்கும். பேச்சு வழக்கில் சாதியையும் குறிக்கும். அமெரிக்காவில் நிறம் செய்த வேலையைப் பெருமளவு நம் ஊரில் சாதி செய்திருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை; வரலாறு வேறு, அமைப்பு வேறு. ஆனாலும் பிறப்பை வைத்து ஒரு கூட்டத்தைக் கீழே நிறுத்திவிட்டு, அவர்கள் கீழே நிற்பதையே வேடிக்கையாகக் காட்டும் நகைச்சுவை இரு இடங்களிலும் ஒரே மாதிரிதான் இயங்குகிறது.

நகைப்பின் இந்த முகத்தை நம் இலக்கணம் மறைத்து வைக்கவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கைச் சொல்லும்போது, எள்ளலைத்தான் முதலில் வைக்கிறது. அதற்கு உரையெழுதிய பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதும், பிறரால் தான் எள்ளப்பட்டபோது நகுவதும் என்று எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். தண்ணீர் பாட்டிலோடு நின்ற அந்தப் பையன்களின் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் இந்த இரண்டாவது வகை எனக்கு நினைவுக்கு வருகிறது. ‘நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி’ என்று வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் சொன்னதும் இதன் மறுபக்கம்தான்; ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்ற சமாதானம் அவர் காலத்திலும் இருந்திருக்கிறது போலும்.

ஒரே பொதுமைப்படுத்தல் ஓரிடத்தில் இலேசாகவும் வேறோரிடத்தில் கனமாகவும் இருப்பதற்குப் பின்னால் வரலாறு நிற்கிறது. அமெரிக்காவில் 1830-களில் தாமஸ் டார்ட்மத் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, ‘ஜிம் குரோ’ என்ற பெயரில் கறுப்பின மனிதர் ஒருவரைப் போலப் பாடியும் ஆடியும் பெரும் புகழ் பெற்றார். அந்த வேடம் மின்ஸ்ட்ரல் என்ற ஒரு முழு நாடக வகையாக வளர்ந்து, கறுப்பின மக்கள் சோம்பேறிகள், அறிவிலிகள், ஆடிப்பாடத் தெரிந்தவர்கள் என்ற படத்தைப் பல தலைமுறைகளுக்கு மேடையில் காட்டியது. பின்னாளில் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரைப் பள்ளியிலும் ரயிலிலும் தனியே பிரித்துவைத்த சட்டங்களுக்கு ‘ஜிம் குரோ சட்டங்கள்’ என்றே பெயர் வந்தது. மேடைக் கோமாளி ஒருவரின் பெயர் சட்டத்தின் பெயராகிவிட்ட நாட்டில், வெள்ளையர் ஒருவர் கறுப்பு மை பூசிக்கொண்டு ‘சும்மா வேடிக்கைக்கு’ என்று சொன்னால் அது ஏன் எடுபடுவதில்லை என்பது இப்போது விளங்கும்.

நமக்கும் இத்தகைய கனம் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள்; பெரும்பாலும் தலித் பெண்களும் குழந்தைகளும். அந்த மண்ணில் நின்றுகொண்டு சேரிப் பேச்சு, சேரிப் பழக்கம் என்று ஒருவர் நகைச்சுவை செய்தால், காற்றில் அந்த இரவும் இருக்கத்தான் செய்யும். அதேபோல, கரகாட்ட மேடைகளில் நெடுங்காலம் நடந்துவந்த குறவன்–குறத்தி ஆட்டத்தைப் பலர் பாமர மக்களின் கேலி என்று மட்டுமே பார்த்தார்கள். தங்கள் பெண்களை ஆபாசமாகக் காட்டுகிறது என்று அந்தச் சமூகத்தினர் தொடர்ந்து முறையிட்டு, வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போன பிறகு, 2023-இல் தமிழக அரசு அந்தப் பெயரிலான ஆட்டத்தைத் தடைசெய்து நாட்டுப்புறக் கலைப் பட்டியலிலிருந்தும் நீக்கியது. தடைதான் சரியான வழியா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் இத்தனை ஆண்டுகளாக அந்த ஆட்டத்துக்குச் சிரித்தவர்கள் மனத்திலிருந்து எடுத்துப்போட்ட வரி எது என்பதில் ஐயமில்லை.

‘சொந்த இனத்தைப் பற்றித் தானே சொன்னால் தவறில்லை’ என்று ஒரு விதி சொல்வார்கள். அது பாதி உண்மை. தன்னைத் தானே கேலி செய்பவர் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர். அவர் விடும் வரி பெரும்பாலும் அனுபவமாக இருக்கும், வதந்தியாக இருக்காது. ஆனால் அந்த வரியை நிரப்புகிறவர் அவரல்லர், பார்வையாளர். இந்தச் சிக்கலை மிகத் துல்லியமாக உணர்ந்தவர்கள் அமெரிக்காவின் கறுப்பின ஸ்டாண்ட்-அப் கலைஞர்களே. ரிச்சர்ட் பிரயர் தம் இனத்தாரை இழிவாகக் குறிக்கும் சொல்லை மேடையில் தாராளமாகப் பயன்படுத்தி, அதன் நஞ்சைத் தாமே விழுங்கிக் காட்டியவர். 1979-இல் கென்யாவுக்குப் போய், கறுப்பின மக்களே எல்லா வேலைகளையும் எல்லாப் பதவிகளையும் வகிக்கும் ஒரு நாட்டைக் கண்ட பிறகு, இனி அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்தார். அதையும் மேடையிலேயே சொன்னார். கிறிஸ் ராக் 1996-இல் அதே இழிசொல்லை வைத்துக் கறுப்பின மக்களுக்குள் இரண்டு வகையினர் இருப்பதாகச் சொல்லிச் செய்த பகுதி அவரைப் பெரும் நட்சத்திரமாக்கியது. அதைக் கேட்ட இனவெறியர் சிலர், அந்தச் சொல்லைத் தாங்களும் சொல்ல உரிமம் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டார்கள் என்பதால், அவர் அந்தப் பகுதியை மீண்டும் செய்யவில்லை.

அவர்களில் இன்னொருவரான டேவ் சப்பெல் இன்னும் ஒருபடி மேலே போனார். அவருடைய தொலைக்காட்சித் தொடர் உச்சத்தில் இருந்தபோது, மின்ஸ்ட்ரல் பாணியில் கரி பூசிய முகத்தோடு அவரே தோன்றும் ஒரு காட்சியைப் படமாக்கினார்கள். இனத்தைப் பற்றிய வார்ப்புப் படிமங்கள் (ஸ்டீரியோடைப்) மனிதரின் காதில் எப்படி ஓதிக்கொண்டே இருக்கின்றன என்று காட்டுவதுதான் அதன் நோக்கம். படப்பிடிப்பில் இருந்த வெள்ளையர் ஒருவர் அதைப் பார்த்து உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தம்மை உறுத்தியதாகச் சப்பெல் 2006-இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரியிடம் சொன்னார். அவர் தம்மோடு சேர்ந்து சிரிக்கிறாரா, தம்மைப் பார்த்துச் சிரிக்கிறாரா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. 2005-இல் பெரும் தொகைக்கான ஒப்பந்தத்தை விட்டுவிட்டு அவர் தென்னாப்பிரிக்காவுக்குப் போனதற்குச் சொல்லப்படும் காரணங்களில் அந்தச் சிரிப்பும் ஒன்று. விடுபட்ட வரியைத் தவறான ஆள் தவறாக நிரப்புவதை ஒரு கலைஞர் நேருக்கு நேர் கேட்ட தருணம் அது.

இதை ஆய்வாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1971-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ஒரு நகைச்சுவைத் தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற இனவெறிபிடித்த குடும்பத் தலைவர் வருவார். அவரைக் கேலி செய்வதற்காகவே அந்தப் பாத்திரத்தைப் படைத்தார்கள். 1974-இல் வெளியான விட்மர், ரோகீச் ஆகியோரின் ஆய்வு, தப்பெண்ணம் மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியை மெச்சினார்கள், வாதத்தில் வெல்பவர் அவரே என்று பார்த்தார்கள் என்று காட்டியது. அதன் பிறகு தாமஸ் ஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட சோதனையில், பெண்களை மட்டம்தட்டும் நகைச்சுவையைக் கேட்டவர்களில், பெண்கள் மீது ஏற்கெனவே பகைமை கொண்டிருந்தவர்கள் மட்டும் பெண்கள் அமைப்பு ஒன்றுக்கு நிதி தர முன்வந்த அளவு குறைந்தது. பகைமை இல்லாதவர்களிடம் அந்த விளைவு இல்லை. இதிலிருந்து கிடைக்கும் கருத்து நுட்பமானது. நகைச்சுவை நல்லவரைக் கெட்டவராக்கிவிடுவதில்லை. உள்ளே தப்பெண்ணத்தை அடக்கி வைத்திருப்பவருக்கு, ‘இங்கே இதைச் சொல்லலாம், யாரும் கேட்கமாட்டார்கள்’ என்று கதவைத் திறந்துவிடுகிறது. எங்கள் மண்டபத்தில் அன்று ‘வடக்கன்’ பகுதி முடிந்த பிறகு, சாப்பாட்டு வரிசையில் அந்தப் பையன்களை ‘டேய் பான்பராக்’ என்று ஒருவர் கூப்பிட்டதை நானே கேட்டேன். நிகழ்ச்சிக்கு முன்பு அவர் அப்படிக் கூப்பிட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

நாம் எள்ளப்படும் பக்கத்தில் நின்ற அனுபவமும் நமக்கு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். தெற்கிலிருந்து போன எவரையும் ‘மதராசி’ என்று அழைத்து, ‘ஐயோஐயோ’ என்று தலையாட்டும் பாத்திரமாக்கி இந்திப் படங்கள் பல ஆண்டுகள் சிரித்தன. 2019-இல் சிங்கப்பூரில் மின்னணுப் பணப்பரிமாற்ற விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் ஒருவர் தோலைக் கருமையாக்கிக்கொண்டு, ‘கே. முத்துசாமி’ என்ற பெயர்ப்பட்டையோடு தோன்றினார். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஒரு முத்துசாமியாவது அங்கே வேலையில் இருப்பார். அதனால் அந்தப் படம் கைப்பேசிகளில் சுற்றியபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. விளம்பரத்தைக் கண்டித்து இந்திய வம்சாவளிக் கலைஞர்களான ஓர் அண்ணனும் தங்கையும் ஒரு ராப் பாடலை வெளியிட்டார்கள். அதில் சீனர்களை வசைபாடியிருந்ததால், நிபந்தனையுடன் கூடிய காவல்துறை எச்சரிக்கை அவர்களுக்கே வந்தது. சிறுபான்மையினரின் கோபத்துக்கும் பெரும்பான்மையினரின் கேலிக்கும் ஒரே தராசு போதுமா என்று அங்கே பெரிய விவாதம் நடந்தது. போதாது என்பது என் எண்ணம். ஆனாலும், எதிர்ப்பாகச் சொன்ன வரிக்குள்ளும் ‘சீனர் எல்லோரும்’ என்ற சொல் நுழைந்துவிட்டால், விடுபட்ட வரி மீண்டும் பழையபடி ஆகிவிடுகிறது.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்திய அரசியலமைப்பின் 19-ஆவது உறுப்பு பேச்சுரிமையைத் தருகிறது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கும் இடம் விடுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவு இனம், மொழி, பிறப்பிடம் முதலியவற்றின் அடிப்படையில் பகைமையைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது; பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொது இடத்தில் இழிவுபடுத்துவதைத் தண்டிக்க 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனியே இருக்கிறது. நான் பேசிக்கொண்டிருக்கும் கோடு இவற்றுக்கு வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது. தப்பெண்ணம் உள்ள நகைச்சுவை அனைத்தும் குற்றமாகாது, ஆகவும் வேண்டாம்.

கடைசியாக, எனக்கே தீர்வு எளிதாக வராத ஓர் இடம்: பேச்சு நடையைப் போலச் செய்வது. கோயம்புத்தூர்க்காரரின் ‘ஏனுங்க’வையும் திருநெல்வேலிக்காரரின் ‘ஏலே’யையும் தஞ்சாவூர் மேடையில் ஒருவர் செய்துகாட்டினால் அந்த ஊர்க்காரர்களே கைதட்டுவார்கள், யாரும் யாருக்கும் கீழே இல்லை, கேட்கும் காது மகிழ்கிறது, அவ்வளவுதான். அதே மேடையில் பிகார்த் தொழிலாளியின் உடைந்த தமிழைச் செய்துகாட்டும்போது, தமிழைத் தவறாகப் பேசுகிறவன் மடையன் என்ற வரி நுழைந்துவிடுகிறது. வீட்டில் மைதிலியோ போஜ்புரியோ பேசி, பள்ளியில் இந்தி படித்து, மூன்றாவது மொழியாக நம் தமிழை ஆறு மாதத்தில் வயலிலேயே கற்றுக்கொண்டவர் அவர் என்பது அந்தச் சிரிப்பில் காணாமல் போகிறது. செய்துகாட்டுவதே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. செய்துகாட்டப்படுகிறவர் அந்தக் காட்சியில் புத்திசாலியாகவும் இருக்க இடம் உண்டா என்று பார்ப்பேன்.

நீடாமங்கலத்துப் பக்கம் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தபோது என் நண்பரின் வயல் வரப்பில் நின்றிருந்தேன். பக்கத்து வயல்காரர் ஒருவர், நடவுக் குழுவின் தலைவராக வந்திருந்த வங்காளத்து இளைஞரைப் பார்த்து, “ஏந்தம்பி, உங்க ஊர்ல வேலை இல்லையா, இம்புட்டுத் தூரம் வந்திருக்கே?” என்றார். அவர் நாற்றுக் கட்டை அவிழ்த்துக்கொண்டே, நிமிராமல் பதில் சொன்னார்: “உங்க ஊர்ல ஆள் இல்லையா சார், இம்புட்டுத் தூரத்திலேர்ந்து கூப்பிட்டிருக்கே?” ‘கூப்பிட்டிருக்கே’ என்பது மரியாதைக் குறைவு என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. வரப்பில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தோம். கேட்டவர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.